பதில் வருது

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தன் மூன்று பிள்ளைகளையும் ஒரே மேஜையில் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வைக்காவிட்டால் தன் பெயரையே மாற்றிக்கொள்வது என்று லிப்ட்காரர் சபதம் செய்தார். பெயரை மாற்றுவதில் அவருக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. லிப்ட் பழுதுபார்ப்பவர், ஆகையால் லிப்ட்காரர். மனைவிகூட ‘ஏங்க’ என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் அந்த ‘ங்க’ மட்டும் காணாமல் போகும்.

தொழிலில் மனிதர் சூரர். மூன்று தெரு தள்ளி ஏதோ ஒரு லிப்டில் ஒரு போல்ட் அரைச்சுற்று தளர்ந்தால் போதும், இங்கே இவர் தூக்கத்தில் புரண்டு படுப்பார். அப்பேர்ப்பட்ட காது. எந்த லிப்டில் ஏறினாலும் மாடிக்கு மாடி ஸ்பானரால் சுவரை டிக் டிக்கென்று தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டேதான் போவார். ஒருமுறை கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் இப்படித் தட்டிக்கொண்டே ஏற, கூட வந்த மாப்பிள்ளை வீட்டார் பாதி பேர் பயந்து இரண்டாம் மாடியிலேயே இறங்கிவிட்டார்கள்.

ஆனால் அவருடைய சொந்த வீடு மட்டும் அவர் காதுக்கு எட்டவே இல்லை. கதையே அதுதான்.

பிள்ளைகள் மூவரும் வீட்டிலேயே படிக்கிறவர்கள். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. பட்டப்பெயர் ஜட்ஜம்மா. பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் டீச்சருக்கும் தலைமையாசிரியருக்கும் நடந்த தகராறில் தீர்ப்புச் சொன்னவள். இரண்டு பேருமே மேல்முறையீட்டுக்கு இவள் அம்மாவிடம் வந்தார்கள். நடுவிலுள்ளவன் பெயர் ‘ஏன்’. ஒன்பது வயது. அவன் கேட்ட ஏன்களால் வகுப்புக்கு உள்ளே உட்கார்ந்த நேரத்தைவிட வெளியே நின்ற நேரம்தான் அதிகம். கடைக்குட்டி பொடிசுக்கு ஆறு வயது. அவள் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடமும் அவளைப் பார்த்ததில்லை. இருதரப்புக்கும் சேதமில்லை.

அவர்கள் அம்மா தையல்காரி. சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சீருடை தைப்பது அவள்தான். வாய் நிறைய குண்டூசியை வரிசையாகக் கவ்விக்கொண்டு, கையால் விளிம்பை மடித்துக்கொண்டு, கண்ணாலேயே மூன்று பிள்ளைகளையும் மேய்ப்பாள். ஊரார் பிள்ளைகளையெல்லாம் உடுத்திப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத் தன் பிள்ளைகளை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டாள்.

“நானே சொல்லித்தரேன்” என்று அவள் சொன்னபோது லிப்ட்காரர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

“மூணு பேரும் சேர்ந்து படிக்கணும். ஒரே மேஜைல.”

“வயசு வேற வேறயாச்சே?”

“இருக்கட்டும். பெரிசு சின்னதுக்குச் சொல்லிக்குடுக்கும். சின்னது பெரிசைக் கேள்வி கேக்கும். நடுவுல இருக்கறது ரெண்டையும் சண்டைக்கு இழுக்கும். அதாம்மா வீடு.”

இது வெறும் ஆசையில்லை. அவர் ஒற்றைப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, கழுத்தில் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு தானே கதவைத் திறந்து தானே சாப்பிட்டு, சுவருக்கு எதிரே உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தவர். சுவர் ஒரு தடவைகூட அவர் தப்பைத் திருத்தியதில்லை. சபாஷ் என்றும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டில் அஞ்சு பிள்ளைகள். அடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் அதுகள் படிக்கிற சத்தம் சுவர் வழியாக வரும். இவர் காதைச் சுவரில் ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் கூர்மையான காது அவருக்கு வந்தது தொழிலால் அல்ல, அந்தச் சுவரால்தான் என்று தோன்றுகிறது.

அதனால் மேஜையை அவரே செய்தார். ஒரு பழைய கட்டடத்தில் கழற்றிப்போட்ட லிப்ட் கதவு. நல்ல கனத்த எஃகு. நடுவே நீளமாக ஒரு கீறல். கொண்டுவந்த அன்று அது லிப்டுக்குள் நுழையவில்லை. லிப்டின் கதவு லிப்டுக்குள் நுழையாத கொடுமையை ஊரில் வேறு யாரும் அனுபவித்திருக்க முடியாது. நாலு மாடியும் முதுகில் சுமந்தே ஏற்றினார். கால் பொருத்தி, தேய்த்து, ஹாலில் சுவரோரமாகப் போட்டார். சுவருக்கு அந்தப்பக்கம்தான் லிப்ட் ஏறி இறங்குகிற பொந்து.

மேஜை வந்தது. படிப்பு வரவில்லை. அவர் மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் ஜட்ஜம்மா படுக்கையறையில் கணக்கோடு இருப்பாள். ‘ஏன்’ சமையலறை வாசலில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருப்பான். பொடிசு கட்டிலுக்கு அடியில் இருப்பாள். மேஜைமேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய சீருடைகள் மலையாகக் குவிந்திருக்கும்.

“ஏம்மா, மூணு பேரும் ஏன் மூணு மூலைல இருக்காங்க?”

“வீட்டுக்கு நாலு மூலை. நாலாவதுல நான் இருக்கேன்.”

“அப்ப நான்?”

“நீங்க நடுவுல நின்னு வழியை மறைக்கிறீங்க. நகருங்க, துணி எடுக்கணும்.”

சும்மா இருந்துவிடவில்லை மனிதர். ஒருநாள் தானே பாடம் எடுத்தார். பிள்ளைகளை இழுத்துவந்து மேஜையில் உட்கார்த்தி, கப்பி என்றால் என்ன, கயிறு எப்படிப் பாரம் தூக்குகிறது என்று ஆரம்பித்தார்.

“அப்பா, இந்தக் கயிறு ஏன்...” என்று ‘ஏன்’ வாயைத் திறந்தான்.

“அதுக்குத்தான் வரேன்” என்றார். வந்தார், வந்தார், வந்துகொண்டே இருந்தார். பொடிசு கப்பியைத் தொடப்போனாள். “இரு, நான் காட்டறேன்” என்று தானே மாட்டினார். ஜட்ஜம்மா ஒரு படம் வரைந்தாள். “கோணலா இருக்கு, குடு” என்று தானே வரைந்தார். அப்படியே கப்பியிலிருந்து நெம்புகோல், நெம்புகோலிலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து மின்சாரம் என்று உலகத்தைச் சுற்றிவிட்டு, “புரிஞ்சுதா?” என்று திரும்பிப் பார்த்தால் மேஜையில் ஒருவரும் இல்லை. பிள்ளைகள் இல்லாத சீருடைகள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

“உன் பிள்ளைங்களுக்குப் பொறுமையே இல்ல” என்றார் மனைவியிடம்.

அவள் வாயில் குண்டூசி. தோள் மட்டும் குலுங்கியது.

இதற்கிடையில்தான் அந்தச் சத்தம் அவர் காதில் விழ ஆரம்பித்தது.

மாலையில் லிப்டில் ஏறி வரும்போது, மூன்றாம் மாடியை நெருங்குகையில் எங்கிருந்தோ குழந்தைகள் சிரிப்பது கேட்கும். “இல்ல, நீ எண்ணினது தப்பு!” என்று ஒரு குரல். “நீ எண்ணிக் காட்டு!” என்று இன்னொன்று. நடுவே ஒரு பொடிக்குரல் கீச்சிட்டுச் சிரிக்கும். அதற்குமேல் வார்த்தை பிடிபடாது, யார் குரலென்றும் பிடிபடாது. பொந்துக்குள் விழுந்த எந்தச் சத்தமும் பானைக்குள் பேசியது போலத்தான் இருக்கும். பழக்கதோஷத்தில் ஸ்பானரால் டிக் டிக்கென்று தட்டுவார். உடனே நின்றுபோகும். நாலாம் மாடி வந்து கதவு திறந்தால் நிசப்தம்.

இறங்காமல் மறுபடி கீழே போய், அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு முறை ஏறி வருவார். இரண்டாவது தடவை இருக்கவே இருக்காது.

“யார் வீட்டுப் பிள்ளைங்கம்மா அது? பெரிசும் சின்னதுமா சேர்ந்து படிக்குதுங்க. கேக்கக் கேக்க எனக்கு நெஞ்சு என்னமோ பண்ணுது. எந்த அப்பனோ, குடுத்துவெச்சவன்.”

“ஐயோ பாவம், அந்த அம்மா” என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

“பாவமா? புண்ணியம் பண்ணவ! அவ வீட்டுல மேஜை இருக்கோ இல்லையோ, மேஜைல பிள்ளைங்க இருக்கு. நம்ம வீட்டுல...” என்று சீருடை மலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மேல் சட்டையின் கை அசைந்து ஆறுதல் சொன்னது.

சத்தம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. லிப்ட் பொந்தில் சத்தம் மேலேயிருந்து கீழேதான் இறங்கும் என்பது அவருடைய தொழில் சித்தாந்தம். ஐந்தாம் மாடி காலி. ஆகவே அது ஆறாம் மாடி. ஒருநாள் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு, அந்தப் பாக்கியவானைக் கண்ணாலாவது பார்த்துவிட்டு வரலாம் என்று ஆறாம் மாடிக்குப் போய் மணியடித்தார்.

கதவைத் திறந்தவர் பல் டாக்டர்.

“உங்க பிள்ளைங்களைப் பாத்துட்டுப் போலாம்னு...”

“எனக்குக் கல்யாணமே ஆகலைங்க. மீன்தொட்டிதான் இருக்கு. வேணும்னா பாருங்க.”

மீனைப் பார்த்தார். அவையும் தனித்தனியாகத்தான் நீந்தின. பார்த்துக்கொண்டே மனதிலிருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார். சுவர், சாவி, மேஜை, சீருடை ஒன்றும் பாக்கியில்லை. பல் டாக்டர் ஒவ்வொரு நாள் மாலையும் உடம்பு இளைக்கப் படியிறங்கி நடக்கப் போகிறவர். நாலாம் மாடியைத் தாண்டும்போது அவர் காதிலும் சிலது விழுந்திருக்கிறது. சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு சொன்னார்.

“உங்க காதுல கோளாறு இல்லைங்க. வாயிலதான் இருக்கு.”

“பல்லா? எல்லாப் பல்லும் கெட்டியா இருக்கே?”

“பல்லு கெட்டிதான்” என்று சொல்லி விட்டுவிட்டார் டாக்டர்.

அந்த மீன்தொட்டிக்கு முன்னால்தான் திட்டம் பிறந்தது. லிப்ட்காரர் மூளையில் வேறென்ன பிறக்கும்? லிப்ட்தான்.

“டாக்டர், என் அனுபவத்துல சொல்றேன். மனுஷன் மனுஷனோட ஒட்டணும்னா ஒரே வழிதான். லிப்டுல மாட்டிக்கணும். ஒரு ஆபீசுல ரெண்டு பேர், வருஷக்கணக்கா முகம் குடுத்துப் பேசாதவங்க. நடுவுல மாட்டிக்கிட்டாங்க. நான் போய்த் திறக்கறேன், ஒருத்தர் டிபன்பாக்ஸ்ல இன்னொருத்தர் சாப்பிடறார். ‘கொஞ்சம் பொறுத்து வாங்க, இன்னும் முடியல’ன்னு என்னையே திருப்பி அனுப்பிட்டாங்க.”

“அதனால?”

“ஞாயித்துக்கிழமை காலைல என் பிள்ளைங்க மூணையும் நம்ம லிப்டுல ஏத்தி, நடுவுல நிறுத்தப்போறேன். ஃபேன் ஓடும், லைட் எரியும், பயம் ஒண்ணுமில்ல. பாய், தண்ணி, பிஸ்கட், ஒரே ஒரு கணக்குப் புத்தகம். வேற போக்கிடம் கிடையாது. சேர்ந்து படிச்சே தீரணும். நான் மொட்டைமாடி மோட்டார் ரூம்ல உக்காந்து இன்டர்காம்ல கேட்டுக்கிட்டே இருப்பேன்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. திட்டத்திலேயே அவருக்குப் பிடித்த பகுதி அதுதான் என்பது டாக்டருக்குப் புரிந்தது.

“வீட்டுல சொல்லிடாதீங்க” என்றார் லிப்ட்காரர்.

“சேச்சே” என்றார் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவர் தன் வாயை எத்தனை நேரம் மூடி வைத்திருப்பார்? மறுநாள் சட்டைக்குப் பட்டன் தைக்க நாலாம் மாடிக்கு வந்தார். பட்டனோடு விஷயமும் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை லிப்ட்காரர் எழுந்ததிலிருந்தே விசிலடித்தார். லிப்டின் ஃபேனைத் துடைத்தார். பாயை விரித்தார். பையைத் தொங்கவிட்டார்.

“லிப்டுல குடித்தனம் போறீங்களா?” என்றாள் மனைவி.

“பராமரிப்பு. அப்பறம் பசங்களைக் கீழ அனுப்பி உன் துணி மூட்டையை எடுத்துவரச் சொல்லு. மூணு பேரையும். சேர்ந்து போகட்டும்.”

“சரிங்க.”

இத்தனை சுலபமாக அவள் சரி என்று சொல்லிக் கேட்டதே இல்லை. அப்போதாவது உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மோட்டார் ரூம் சாவியை எடுக்கக் கையை நீட்டினார்.

“ஏங்க, அந்த லிப்டுக்குள்ள ஏதோ கீச் கீச்னுதே, பிள்ளைங்க ஏறலாமா?”

நீட்டிய கை நின்றது.

“கீச்சா? என் லிப்டுலயா?”

“ஆமா. நேத்து வந்தப்ப கேட்டேன். இடது பக்கமா, கீழ. எனக்கென்ன தெரியும், நான் தையல்காரி. ஒருவேளை என் காதா இருக்கும்.”

உலகத்தில் எதைத் தாங்கினாலும் இதைத் தாங்க மாட்டார். ஸ்பானரோடு லிப்டுக்குள் பாய்ந்தார். பாயைத் தள்ளி, மண்டியிட்டு, இடது மூலையில் காதை வைத்தார். கீச் இல்லை. வலது மூலையில் வைத்தார். இல்லை. இல்லாத சத்தத்தைத் தேடுவதைப் போல ஒரு மனிதனை மும்முரமாக்கும் வேலை வேறெதுவும் கிடையாது. “ஒரு தடவை ஓட்டிப் பாத்தாதான் தெரியும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கீழே போனார், தரையில் காதோடு மேலே வந்தார். மூன்றைத் தாண்டியதும் லிப்ட் நின்றது.

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே.

எழுந்து பட்டனை அமுக்கினார். அசைவில்லை. ஃபேன் ஓடியது, லைட் எரிந்தது, பயம் ஒன்றுமில்லை. எல்லாம் அவர் திட்டப்படி இருந்தது, உள்ளே இருந்தவர் மட்டும்தான் மாறிப்போயிருந்தார்.

இன்டர்காம் கரகரத்தது.

“ஏங்க, சத்தம் போடாம கேளுங்க.”

“நீயா! மோட்டார் ரூம்லயா இருக்க? அதெல்லாம் எப்படி நிறுத்தணும்னு உனக்கு யார் சொன்னது?”

“உங்களோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு ஒரு சுவிட்ச்சைத் திருப்பத் தெரியாதா? தட்டக் கூடாது. பேசக் கூடாது. தட்டினா மத்தியானம் வரைக்கும் அங்கயேதான். பைல பிஸ்கட் இருக்கு, நீங்க வெச்சதுதான். சுவரோரமா உக்காருங்க. உங்களுக்குத்தான் நல்ல காதாச்சே.”

கரகரப்பு நின்றது.

அவர் பாயில் உட்கார்ந்தார். சுவரில் காதை வைத்தார். எப்போதும் கடந்துபோகிற இடத்தில் இன்றுதான் முதல் தடவையாக நின்றிருக்கிறார்.

சிரிப்பு வந்தது. கூடவே வார்த்தையும் வந்தது.

“பொடிசு, மேஜையை ஆட்டாதடி. கதவுக் கீறல்ல பட்டன் எல்லாம் உருளுது பாரு.”

லிப்ட்காரரின் கையிலிருந்த பிஸ்கட் நழுவிப் பாயில் விழுந்தது. கதவுக் கீறல். இந்த ஊரில், இந்த உலகத்தில், கதவுக் கீறல் உள்ள மேஜை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை முதுகில் சுமந்தவர் அவர்தான்.

“அம்மா என்ன கேட்டாங்க? மறுபடி சொல்லு” என்றான் ‘ஏன்’.

“அப்பா தனியா லிப்டுல மாட்டிக்கிட்டார்னு வெச்சுக்கோங்க, பிரேக்கும் விட்டுப்போச்சு. அப்ப என்ன ஆகும்? அதான் கேள்வி” என்றாள் ஜட்ஜம்மா. “இந்த ஊசி டப்பாதான் லிப்ட். நூல் கட்டைதான் மேல இருக்கற சக்கரம். அந்தப்பக்கம் தொங்கற டப்பாதான் இரும்புப் பாரம்.”

“அப்பா எது?”

“இந்தக் கோட்டுப் பட்டன்” என்றாள் பொடிசு. “பெரிசா, மொத்தமா, நடுவுல ஓட்டையோட.”

“கீழ விழுந்துடுவார். அவ்வளவுதான்” என்று தீர்ப்புச் சொன்னாள் ஜட்ஜம்மா.

தப்பு! லிப்ட்காரர் வாயைத் திறந்துவிட்டார். ஸ்பானர் கூடப் பாதி தூரம் எழுந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார்.

“ஏன் விழணும்? அந்தப்பக்கம்தான் பாரம் இருக்கே.”

“எவ்வளவு பாரம்? அது தெரியணும்ல? காலி டப்பா எடைக்குச் சமமா வெச்சிருப்பாங்க.”

“அப்ப எட்டு பேர் ஏறினா? மோட்டார் எட்டு பேரையும் இழுக்கணும். ஏன் எட்டு பேருக்கும் சேர்த்தே பாரம் வைக்கக் கூடாது?”

“வெச்சா, காலியா போறப்ப மோட்டார் அந்த எட்டு பேர் பாரத்தையும் இந்தப்பக்கத்திலேர்ந்து இழுக்கணும். அதுவும் கஷ்டம்தானே?”

பட்டன்கள் டப்பாவில் விழுகிற ஒலி மட்டும் கேட்டது. லிப்ட்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. விடை அவர் தொண்டையில் ஏறி, நாக்கில் நின்று, கைக்குட்டையை முட்டியது.

“அப்பாகிட்ட கேக்கலாமா?” என்றான் ‘ஏன்’.

அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

“வேண்டாம்” என்றாள் ஜட்ஜம்மா. “கேட்டா சொல்லிடுவார்.”

பெரிய கோர்ட்டில் கூட இத்தனை சுருக்கமாக யாருக்கும் தண்டனை விதித்ததில்லை. லிப்ட்காரர் கைக்குட்டையைக் கடித்தபடி கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். கப்பிப் பாடம் நினைவுக்கு வந்தது. அந்தக் கோணல் படம் நினைவுக்கு வந்தது. அது ஒன்றும் அத்தனை கோணலாகக்கூட இல்லை.

“எனக்கு அப்பாவும் இருந்தா நல்லாருக்கும்” என்றது பொடிக்குரல். “சும்மா இருந்தா.”

அதன்பிறகு லிப்ட்காரருக்குக் கைக்குட்டை வாய்க்கும் தேவைப்பட்டது, கண்ணுக்கும் தேவைப்பட்டது. ஒரே கைக்குட்டைதான் இருந்தது. மாற்றி மாற்றிச் சமாளித்தார். சின்ன வயசில் இப்படித்தான் ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தார். இன்றும் இந்தப்பக்கம்தான். ஆனால் அன்றைக்கு அந்தப்பக்கத்திலிருந்து யாரும் அவர் வேண்டும் என்று கேட்கவில்லை.

“ஏய், பாதி!” பொடிசு கத்தினாள். “பாதிப் பட்டன் போட்டா ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம்தான் இழுக்கணும். இதோ பாரு, விரலாலயே வருது!”

“ஏன் பாதி?”

“நீயே இழுத்துப் பாரேன்!”

இழுத்துப் பார்த்தார்கள் போலிருக்கிறது. “ஆமா... எட்டு பேர்ல பாதி, நாலு பேர் பாரம்” என்று ஜட்ஜம்மா மெதுவாகச் சொன்னாள். பெஞ்சி கிறீச்சிட்டது. “அப்ப லிப்டுல ஒரே ஒரு ஆள் இருந்தா... அந்தப்பக்கம்தான் கனம் ஜாஸ்தி. இரு, இரு. கோட்டுப் பட்டனைப் போடு. நூலை விடு.”

டொக்கென்று டப்பா எதிலோ மோதியது.

“ஐ! அப்பா மேல போயிட்டார்!”

“பொடிசு! அப்படியெல்லாம் சொல்லக் கூடாது!”

“நிஜமாதானே மேல போனார்? கீழ விழல, மேல போனார்!”

மூவரும் சிரித்தார்கள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே, கட்டடத்தில் யாருக்கும் தெரியாமல், லிப்ட்காரர் சத்தம் வராமல் கைதட்டினார்.

லிப்ட் நகர்ந்தது. நாலாம் மாடியில் கதவு திறந்தபோது, மோட்டார் ரூமிலிருந்து இறங்கி வந்த மனைவி சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றாள்.

“கீச் கிடைச்சுதா?”

“எத்தனை நாளா?” என்றார்.

“நீங்க மேஜை போட்ட நாள்லேர்ந்து.”

“அப்பறம் நான் வந்தா ஏன் மூலைக்கு ஒண்ணா ஓடறாங்க? நான் என்ன புலியா?”

“சுவத்துல டிக் டிக்னு கேட்டதும் பொடிசுதான் முதல்ல எழுந்திரிப்பா. ‘பதில் வருது, பதில் வருது’ம்பா. மூணும் பறந்துடும். நான் துணியை எடுத்து மேஜைல போட்டுடுவேன்.”

“பதிலா?”

“உங்க பேரு. அவங்க வெச்சது.”

சபதத்தின்படி பெயரை மாற்ற வேண்டிய வேலைகூட மிச்சம். ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள்.

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, வாழ்க்கையில் எந்த அதிகாரியிடமும் கேட்காத குரலில் கேட்டார்.

“எனக்கு... அந்த மேஜைல ஒரு ஓரமா இடம் கிடைக்குமா? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்மா. சத்தியமா வாயைத் திறக்க மாட்டேன்.”

“உங்களால முடியாது.”

“முடியும்.”

“முடியாதுங்க. உங்க குத்தம் இல்ல. தெரிஞ்சதை அடக்கறது கஷ்டம். எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துது. அப்பறம்தான் ஒரு வழி கண்டுபிடிச்சேன்.” அவள் சிரித்தாள். “நான் எதுக்கு எப்பப் பார்த்தாலும் வாய்ல குண்டூசி வெச்சுக்கறேன்னு நினைக்கிறீங்க?”

இருவரும் உள்ளே போனார்கள்.

“பதில் வந்துடுச்சு!” என்று பொடிசு அலறினாள். மூன்று பெஞ்சிகளும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. ஊசி டப்பா ஒருபக்கம், பட்டன் ஒருபக்கம்.

“உக்காருங்க எல்லாரும்” என்றாள் அம்மா. “அப்பா பதில் சொல்ல வரல. பாவாடைக்கு விளிம்பு மடிக்க வந்திருக்கார். நாளைக்குள்ள குடுக்கணும், கை போதல எனக்கு.”

மேஜையின் ஓரத்தில் அவருக்கு ஒரு முக்காலி கிடைத்தது. மடியில் சீருடைப் பாவாடை. உதட்டில் மேலும் கீழுமாக நெருக்கி நட்ட ஒரு வரிசைக் குண்டூசி. மூச்சுகூட மூக்கால்தான். பிள்ளைகள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஒரு பாவாடை முடிந்தது. மனிதர் பேசவில்லை. இரண்டாவதும் பாதியானது. மெள்ள மெள்ளப் பட்டன்கள் டப்பாவுக்குத் திரும்பின. பொடிசு பெஞ்சியை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அவள் முழங்கை அவர் முழங்கையில் இடித்தது. அவர் விளிம்பைத் தப்பாக மடித்தார். மறுபடி மடித்தார். அதுவும் தப்பு.

“சரி, அப்பா மேல போறார்” என்றான் ‘ஏன்’. “போய்க்கிட்டே இருப்பாரா? உச்சியில என்ன ஆகும்? இடிக்குமா?”

“ஏதாவது தடுக்கணும்” என்றாள் ஜட்ஜம்மா. “எது தடுக்கும்?”

அவள் யோசித்தாள். ‘ஏன்’ யோசித்தான். லிப்ட்காரருக்குத் தெரிந்த விடைகளிலேயே அழகான விடை இதற்குத்தான். பொடிசு டப்பாவைப் பார்த்தாள், நூல் கட்டையைப் பார்த்தாள். பிறகு முழங்கையில் தொட்டு, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“அப்பா, உங்களுக்கு என்ன தோணுது?”

அவள் பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவர் காத்திருந்த கேள்வி. மூன்று பிள்ளைகளும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் கையை உயர்த்தி முதல் குண்டூசியை உருவினார். இரண்டாவதை உருவினார். கண்ணில் நீர் முட்ட மூன்றாவதைத் தேடினார்.

“மெதுவா எடுங்க, முழுங்கிடப் போறீங்க” என்றாள் மனைவி, தலையை நிமிர்த்தாமலே.

பொடிசு கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். வரிசை நீளமாக இருந்தது. அவர் முதுகில் ஆதரவாகத் தட்டிக்கொடுத்துவிட்டு மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பரவால்லப்பா, அவசரமில்ல. நாங்க கண்டுபிடிச்சுட்டு உங்களுக்குச் சொல்றோம்.”